வெனிஸ் பியெனாலே, புலம்பெயர்வு, ஒரு படகு: கேள்வி பதில்

வெனிஸ் பியெனாலே என்பது இத்தாலியின் வெனிஸ் நகரில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் சர்வதேசக் கலைக் கண்காட்சி. 2024 ஏப்ரல் 20 முதல் நவம்பர் 24 வரை நடந்த 60ஆவது பியெனாலேயின் தலைப்பு 'எங்கும் அந்நியர்கள்'. அதைப் பற்றியும், புலம்பெயர்வைப் பேசும் கலை பற்றியும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையில் பதில் சொல்கிறேன்.

அக்கா, அந்தத் தலைப்பு எங்கிருந்து வந்தது?

கியூரேட்டர், அதாவது கண்காட்சியைத் தொகுத்தவர், அத்ரியானோ பெத்ரோசா, பிரேசில்காரர். லத்தீன் அமெரிக்காவிலிருந்து இந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆள். கிளேர் ஃபோன்டேன் என்ற கலைக்குழு 2004இலிருந்து இந்த வாசகத்தைப் பல மொழிகளில் நியான் எழுத்தாகச் செய்துவருகிறது. அதை இவர் தலைப்பாக எடுத்துக்கொண்டார். அந்தக் குழுவுக்கு வாசகம் கிடைத்தது, இத்தாலியின் தூரின் நகரில் இனவெறியை எதிர்த்து இயங்கிய சிலரிடமிருந்து. கண்காட்சியின் இரண்டு முக்கிய இடங்களில் ஒன்றான ஆர்செனாலேயின் பழைய கப்பல் கொட்டகையில், தண்ணீருக்கு மேலே, அந்த எழுத்துகள் வண்ண வண்ணமாகத் தொங்கின.

ஒரு நாளில் பார்த்துவிடலாமா? விசாவுக்கு என்ன செய்வது?

முடியாது. 330க்கு மேல் கலைஞர்கள், 88 நாடுகள். இன்னொரு முக்கிய இடமான ஜார்தீனிக்கு ஒரு நாள், ஆர்செனாலேக்கு ஒரு நாள் வையுங்கள். விசா என் துறை இல்லை. இத்தாலியத் தூதரகத்தின் இணையதளத்தைப் பாருங்கள்.

ஒன்றே ஒன்று பார்க்க நேரம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

புஷ்ரா கலிலியின் 'மேப்பிங் ஜர்னி'. மொராக்கோவில் பிறந்த கலைஞர்; 2008 முதல் 2011 வரை செய்த வேலை. எட்டுத் திரைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வரைபடம், ஒரு கை, ஒரு மார்க்கர் பேனா, ஒரு குரல். உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டியவர் தன் வழியைத் தானே கோடாக வரைந்துகொண்டே சொல்கிறார்: எங்கே புறப்பட்டேன், எங்கே பிடித்தார்கள், எங்கே திருப்பி அனுப்பினார்கள், மறுபடி எப்படிப் போனேன். முகம் வராது. அழுகை இல்லை, பின்னணி இசை இல்லை. செய்தியில் ஒரே அம்புக்குறியாகப் பார்க்கும் பயணம் இங்கே பின்னால் போகிறது, சுற்றுகிறது, ஒரு ஊரில் மாதக்கணக்கில் நிற்கிறது.

புலம்பெயர்வைப் பற்றிய கலையில் நான் முதலில் கேட்பது இதைத்தான்: யார் பேசுகிறார்கள்? போனவரே பேசுகிறாரா, அவர் பட்ட துன்பத்தைக் காட்டி வேறொருவர் பேசுகிறாரா? கலிலியிடம் பேனாவும் பேச்சும் போனவரின் கையில் இருக்கின்றன.

ஒரு வேண்டுகோள். வீடியோ படைப்பை அரை நிமிடம் பார்த்துவிட்டு நகராதீர்கள். உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து யாருமே இல்லையா?

நாட்டின் பெயரில் தனியாக வைக்கும் தேசிய அரங்கு இல்லை. கலைஞர்கள் இருந்தார்கள். திருநங்கைகளோடு சேர்ந்து சுவரோவியம் வரையும் பெங்களூர் குழுவான அரவாணி ஆர்ட் புராஜெக்ட், ஆர்செனாலேயில் பெரிய சுவர் ஒன்றை வரைந்தது. பழைய தலைமுறை ஓவியர்களில் அம்ரிதா ஷெர்கிலின் படைப்பு இருந்தது. புடாபெஸ்டில் பிறந்து லாகூரில் இறந்தவர். இந்தத் தலைப்புக்கு அவர் வாழ்க்கையே பொருந்தும்.

லாரியில் சரக்கு கட்டும் பட்டையைத் தொங்கவிட்டதற்குப் பியெனாலேயின் உயர்ந்த விருதான தங்கச் சிங்கமாமே. இதெல்லாம் கலையா?

செய்தவர்கள் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் நால்வர், மாதாஹோ குழுவினர். பிரசவம் போன்ற நேரங்களில் விரிக்கும் பாயின் பின்னலை, பாலியஸ்டர் பட்டையால் கூரை அளவுக்குப் பெரிதாக்கினார்கள். கீழே நின்று நிழலைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

அகதிகளோடு மூழ்கிய படகையே 2019இல் வெனிஸில் காட்சிக்கு வைத்தார்களாம். அது சரியா?

கலைஞர் கிறிஸ்டோஃப் ப்யூஹலின் 'பார்கா நோஸ்த்ரா' ('நம் படகு'). 2015 ஏப்ரல் 18 அன்று, லிபியாவிலிருந்து கிளம்பிய மீன்பிடிப் படகு, உதவிக்கு வந்த சரக்குக் கப்பலோடு மோதி மூழ்கியது. பிழைத்தவர்கள் 28 பேர். இறந்தவர்கள் எழுநூறிலிருந்து ஆயிரத்துக்கும் மேல் என்று வெவ்வேறு கணக்குகள். 2016இல் இத்தாலியக் கடற்படை அதைத் தூக்கியது. அதை ஆர்செனாலேயில், ஒரு காபிக்கடை பக்கத்தில், எந்த விளக்கமும் இல்லாமல் நிறுத்தினார்கள். எனக்கு அது சரியில்லை.

அக்கா, விளக்கப் பலகை வைத்தால் அது அருங்காட்சியகப் பொருளாகிவிடும். தெரியாமல் காபி குடித்தோம் என்று பிறகு உறைக்கிறதே, அதுதான் படைப்பு. கலைஞருக்கு நீங்கள் பாடம் எடுக்க வேண்டாம்.

யாருக்கு உறைத்தது? பிறகு தெரிந்துகொண்டவர்களுக்கு. முன்னால் நின்று செல்ஃபி எடுத்துவிட்டுப் போனவர்களுக்கு அது ஒரு துருப்பிடித்த படகுதான்.

மிலான் பல்கலைக்கழகத்தின் தடயவியல் மருத்துவர் கிறிஸ்தினா கத்தானேயோவும் அவர் குழுவும் சிசிலியில் இதே படகிலிருந்து எடுத்த உடல்களுக்குப் பெயர் தேடினார்கள். மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனுடைய உடையில், பள்ளி மதிப்பெண் அட்டையைத் தைத்து வைத்திருந்தார்கள். போகும் இடத்தில் காட்டுவதற்கு. அந்த ஒரு செய்தி பக்கத்தில் இருந்திருந்தால் படைப்பு எந்த விதத்தில் குறைந்திருக்கும்? சொல்லுங்கள்.

நான் டொரன்டோவிலிருந்து எழுதுகிறேன். 1986இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் மீட்கப்பட்டது எங்களுக்குத் தெரியும். எங்களுக்குப் படகைப் பார்த்தாலே போதும், பலகை வேண்டாம்.

உங்களுக்கு வேண்டாம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெனிஸ் வருகிறவர்களில் பெரும்பாலோர் படகில் வந்தவர்கள் இல்லை. வலியை அறிந்தவரிடம் மௌனம் பேசும். அறியாதவரிடம் அது வெறும் மௌனம்.

அந்தக் கலைஞர் இல்லையென்றால் படகை உடைத்திருப்பார்கள், அதையும் சொல்லுங்கள்.

அப்படிப் பேச்சு இருந்தது உண்மை. சிசிலியின் அவுகுஸ்தா நகரம் நினைவுத் தோட்டம் அமைக்க அந்தப் படகைக் கேட்டது. கண்காட்சி முடிந்தும் அது வெனிஸிலேயே நின்றது, 2021இல்தான் திரும்பியது. காப்பாற்றியதற்கு நன்றி. காட்டிய விதத்தோடு எனக்கு இன்னும் சண்டை உண்டு.

ஒரு நாள் போதுமா?

மேலே இருக்கிறது.

வீடியோக்களை யூடியூபில் பார்க்கலாமா?

துண்டுகள் கிடைக்கும். கலிலியுடையதை அப்படிப் பார்க்காதீர்கள். உட்கார்ந்து கேட்க வேண்டியது என்று முன்பே சொன்னேன்.

அடுத்தது எப்போது?

2026 மே 9 முதல் நவம்பர் 22 வரை. கேமரூனில் பிறந்த கோயோ குவோ வடிவமைத்தது. அவர் 2025 மே மாதம் இறந்துவிட்டார். அவர் வகுத்த திட்டத்தை அவருடைய குழு நடத்துகிறது.