தட்டியவருக்கு மட்டும் கேட்ட பாட்டு

அன்புள்ள ஐயா,

உங்கள் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. எனக்கு 29 வயது. சின்ன வயதிலிருந்தே வீட்டில் எனக்கு இரண்டு பெயர்கள்: அழுத்தக்காரி, தொட்டாற்சிணுங்கி. வேலை செய்யும் இடத்தில் தலைக்கனம் பிடித்தவள் என்கிறார்கள். பத்துப் பேர் கூடிப் பேசும் இடத்தில் அரை மணி நேரத்தில் களைத்துவிடுகிறேன். யாராவது குரலை உயர்த்திவிட்டால் அன்று முழுக்க அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

போன மாதம் இணையத்தில் ஓர் ஆளுமைத் தேர்வு எழுதிப் பார்த்தேன். பதினாறு வகைகளில் நான் ஐஎன்எஃப்ஜே (INFJ) என்ற நான்கெழுத்து வகை என்று வந்தது. மிக அரிதான வகையாம். அந்த விளக்கத்தை அன்றிரவு மூன்று முறை படித்து அழுதேன். இத்தனை வருடமும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்தது போல இருந்தது. உடனே அந்த லிங்க்கை என் நெருங்கிய தோழிக்கு அனுப்பினேன். "நானும் போட்டுப் பார்த்தேன்டி, செம ஜாலியா இருந்துச்சு" என்று பதில் வந்தது. மூன்று வாரமாக அவளிடம் பேசவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை. என்னைப் போன்றவர்களை யாராலும் புரிந்துகொள்ளவே முடியாதா?

பெயர் வேண்டாம்.
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை ஓரிடத்தில் நின்றுவிட்டேன். தோழிக்கு லிங்க் அனுப்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அழுததை அவரிடம் சொன்னதாக எழுதவில்லை. லிங்க் மட்டும்தான் போயிருக்கிறது என்று தோன்றுகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தத் தேர்வு.

அதன் வேர், சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் ஆளுமை வகைகளைப் பற்றி வெளியிட்ட நூலில் இருக்கிறது. அகமுகம் (இன்ட்ரோவர்ட்), புறமுகம் (எக்ஸ்ட்ரோவர்ட்) என்ற பிரிவு பரவியது அவரால்தான். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் யுங்கைப் படித்துவிட்டு, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை ஒரு கேள்வித்தாளாக ஆக்கினார்கள். இருவரும் முறைப்படி உளவியல் கற்றவர்கள் இல்லை. நான்கு குணங்களுக்கு நான்கு கோடுகள் போட்டு, ஒவ்வொன்றையும் நடுவில் வெட்டி, இந்தப் பக்கம் ஓர் எழுத்து, அந்தப் பக்கம் ஓர் எழுத்து என்று வைத்தார்கள். ஆனால் மனிதர்களில் பெரும்பாலோர் நடுவை ஒட்டித்தான் இருக்கிறார்கள். அதனால் சில வாரம் கழித்து அதே தேர்வை எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது. கலப்பே இல்லாத அகமுகி என்று ஒருவர் கிடையாது என்று யுங்கே சொல்லியிருக்கிறார்.

உங்கள் அழுகையைச் சிறிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. பல வருடம் பெயரில்லாமல் கிடந்த ஒன்றுக்குச் சொல் கிடைத்தால் அழுகை வரத்தான் செய்யும். 'அரிதான வகை' என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது. அது ஆறுதலாக இருக்கும். அதே சமயம், 'என் மாதிரி யாரும் இல்லை, அதனால் யாருக்கும் புரியாது' என்று உள்ளே தாழ்ப்பாள் போடவும் வைக்கும். உங்கள் கடைசிக் கேள்வியில் அந்தத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கிறது.

கூட்டத்தில் களைப்பது ஒன்று. உயர்ந்த குரல் ஒரு நாள் முழுக்க மண்டைக்குள் ஓடுவது வேறு ஒன்று. முதலாவதை அகமுகம், அதாவது இன்ட்ரோவர்ட் குணம் என்கிறோம். இரண்டாவது, நுண்ணுணர்வு. அமெரிக்க உளவியலாளர் எலெய்ன் ஏரனும் அவர் கணவர் ஆர்தர் ஏரனும் 1997இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இவை இரண்டும் ஒன்றல்ல என்று காட்டினார்கள். ஐந்தாறு பேரில் ஒருவருக்கு இந்த நுண்ணுணர்வு அதிகம் என்பது எலெய்ன் ஏரனின் கணிப்பு. அவர்களிலும் பத்தில் மூன்று பேர் கலகலப்பாகப் பழகுகிறவர்களாம். ஆக, நீங்கள் வேலை செய்யும் இடத்தில் சத்தமாகச் சிரித்துப் பேசும் யாரோ ஒருவர், இரவில் உங்களைப் போலவே ஒரு சொல்லை நினைத்துத் தூங்காமல் படுத்திருக்கலாம்.

தொட்டாற்சிணுங்கி என்று வீட்டில் சொல்வதைப் பற்றியும் ஒன்று. 2014இல் மோனிகா காக்லியானோ என்ற ஆய்வாளரும் உடன் ஆய்வாளர்களும் அந்தச் செடியை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். தொட்டியோடு சிறிது உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவைத்தார்கள். முதலில் இலைகள் மூடிக்கொண்டன. விழுவதால் சேதம் ஒன்றும் இல்லை என்று ஆனதும் மூடுவது நின்றுபோனது. அதே செடியை வேறு விதமாக உலுக்கியபோது உடனே மூடியது. உணர்வு எங்கேயும் போய்விடவில்லை. எதற்கு மூடுவது என்பதுதான் மாறியது. அந்தப் பெயரைச் சொல்லி உங்களை அழைப்பவர்கள் அந்தச் செடியைச் சரியாகப் பார்த்ததில்லை.

சரி, இப்போது தோழி.

1990இல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர், எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் நினைத்துக்கொண்டு, அதன் தாளத்தை மேஜையில் விரலால் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் அது என்ன பாட்டு என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். தட்டப்பட்ட 120 பாட்டுகளில் சரியாகச் சொல்லப்பட்டவை மூன்றே மூன்று. தட்டுகிறவருக்குத் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, வாத்தியங்களோடு, குரலோடு. எதிரே இருப்பவருக்குக் கேட்பது மேஜையில் விழும் டக் டக் மட்டும்.

நம்மைப் போன்றவர்களுக்கு (நானும் அப்படிப்பட்டவன்தான்) இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. உள்ளே பாட்டு அவ்வளவு உரக்கக் கேட்பதால், வெளியே ஒன்றும் போகவில்லை என்பது நமக்கே தெரிவதில்லை.

என் அப்பா இறந்த வாரம், என் நண்பன் ஒருவன் தினமும் வீட்டுக்கு வந்தான். வேலையைப் பற்றிப் பேசினான், சினிமாவைப் பற்றிப் பேசினான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவனிடமிருந்து மெல்ல விலகினேன். இரண்டு வருடம். அப்புறம் ஒருநாள் தாங்க முடியாமல் கேட்டேவிட்டேன். அவன் திகைத்துப் போனான். "நீ அவ்வளவு நிதானமா இருந்தியே. அந்தப் பேச்சை எடுத்து உன்னை உடைச்சிடக் கூடாதுன்னுதான் வேற ஏதேதோ பேசிட்டிருந்தேன்" என்றான். அந்த வாரம் முழுவதும் என் முகமே கதறிக்கொண்டிருக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். அவன் பார்த்தது ஒரு நிதானமான முகத்தை. அந்த இரண்டு வருடத்தை நினைத்தால் இப்போதும் வலிக்கிறது. உங்கள் மூன்று வாரம் அப்படி நீண்டுவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

சொல்லியும் சிரிக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டில் வைத்த பெயரும் சீக்கிரம் போகாது. வேலை செய்யும் இடத்தில், "கூட்டமா இருந்தா எனக்குச் சீக்கிரம் களைச்சுடும், கோபமெல்லாம் இல்லை" என்று யாராவது ஒருவரிடம் சொல்லி வைத்தால் தலைக்கனம் என்ற பேச்சு கொஞ்சம் குறையும். இதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். உங்கள் சுபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. கலகலப்பாக நடிக்கவே வேண்டாம். அந்தக் களைப்பு எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் தோழி சொல்லியும் சிரித்தவர் இல்லை. அவரிடம் இன்னும் சொல்லப்படவே இல்லை. அவர் பக்கம் நின்று பாருங்கள். ஒரு லிங்க் வந்தது, தானும் அதை எழுதிப் பார்த்ததாகப் பதில் போட்டார், அதன்பின் மூன்று வாரமாக உங்களிடமிருந்து சத்தமே இல்லை. எதனால் என்று அவரும் குழம்பிக்கொண்டிருக்கலாம். அப்புறம், அவரும் அந்தத் தேர்வை எழுதியிருக்கிறாரே, அவருக்கு என்ன வந்தது? உங்கள் கடிதத்தில் அது இல்லை.

இன்றே அவருக்கு எழுதுங்கள். புதிதாக வார்த்தை தேட வேண்டாம். 'அந்த விளக்கத்தை அன்றிரவு மூன்று முறை படித்து அழுதேன்' என்று எனக்கு எழுதினீர்களே, அந்த வரியை அப்படியே அனுப்புங்கள். கூடவே, அவருக்கு எந்த வகை வந்தது என்றும் கேளுங்கள்.

அன்புடன்.