கார் ஷெட் கேள்வி பதில்: கூரையைவிடக் குழி முக்கியம்

கடலூர்ப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். கேட், கிரில், மாடி ஷெட், கார் ஷெட் எல்லாம் 20 வருடத்துக்கு மேலாகச் செய்கிறேன். கார் ஷெட் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அண்ணா, வீட்டு முன்னால் 10 அடிக்கு 15 அடி இடம் இருக்கிறது. ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். போதுமா? (திருப்பூர்)

ஸ்விஃப்ட்டுக்குப் போதும். வண்டி நீளம் 12 அடி 8 அங்குலம்தான். ஆனால் நாளைக்கு இன்னோவா கிரிஸ்டா வாங்கினால் அது 15 அடி 6 அங்குலம், கேட்டை மூட முடியாது. கட்டட விதிகளில் ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் என்று கணக்கு. அதாவது 16 அடிக்கு மேல் நீளம் வேண்டும். அகலம் 10 அடியைக் குறைக்காதீர்கள். கதவைத் திறந்து, கையில் பையோடு ஒரு ஆள் இறங்க வேண்டுமே! தாழ்வான பக்கத்தில் 8 அடி உயரம் விடுங்கள். டிக்கியைத் தூக்கும்போது ஷீட்டில் இடித்துக்கொள்கிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கலர் ஷீட்டா, பாலிகார்பனேட்டா? பாலிகார்பனேட் போட்டால் வெளிச்சம் வரும் என்கிறாள் மனைவி. (பள்ளிக்கரணை)

கலர் ஷீட் என்பது பெயின்ட் பூசிய இரும்புத் தகடு, பாலிகார்பனேட் என்பது ஒளி புகும் பிளாஸ்டிக். அவர் சொல்வது சரி. வெளிச்சம் வரும், கூடவே வெக்கையும் வரும். வீட்டு ஹால் ஜன்னல் ஷெட்டுக்குள் திறக்கிறது என்றால் பாலிகார்பனேட் போடலாம், இல்லாவிட்டால் ஹால் பகலிலேயே இருட்டாகிவிடும். கார் மட்டும் நிற்கிற இடம் என்றால் வெளிர் நிறக் கலர் ஷீட், 0.50 மி.மீ. கனம். 0.35 தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆள் ஏறி ஒரு கால் வைத்தாலே பள்ளம் விழும். மழை பெய்தால் சத்தம் இருக்கும், அது எந்த ஷீட்டிலும் போகாது.

பாலிகார்பனேட்தான் என்று முடிவெடுத்தால் மூன்று விஷயங்களைப் பக்கத்தில் நின்று கவனியுங்கள். ஒன்று, புற ஊதாப் பூச்சு பெரும்பாலும் ஒரு பக்கம்தான் இருக்கும். எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று ஒட்டியிருக்கும் பேப்பரிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை முதலிலேயே கிழித்துவிட்டுத் திருப்பிப் போட்டால் ஷீட் சீக்கிரமே மஞ்சளாகி நொறுங்கும். இரண்டு, இந்த ஷீட் வெயிலில் நீளும். 10 அடி ஷீட் காலைக்கும் மத்தியானத்துக்கும் நடுவே 5, 6 மி.மீ. கூட நகரும். அதனால் ஸ்க்ரூவைவிட ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கி அடித்தால் ஓட்டையைச் சுற்றி விரிசல் ஓடும். மூன்று, உள்ளே குழல் குழலாக இருக்கும் மல்டிவால் ஷீட்டின் முனைகளை டேப் போட்டு மூட வேண்டும். விட்டால் உள்ளே எறும்பு குடியிருக்கும், பாசி பிடிக்கும், அதைத் துடைக்கவே முடியாது.

சார், டைல்ஸ் தரையை உடைக்க மனசில்லை. தூணுக்குக் கீழே பேஸ் பிளேட் வைத்து ஆங்கர் போல்ட் அடித்தால் போதும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (நாகப்பட்டினம்)

செய்யாதீர்கள். அதைச் செய்து கெட்டவன் நான்.

தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் இப்படித்தான் டைல்ஸ் மேலேயே 3 அங்குல போல்ட் அடித்து நிறுத்தினேன். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், எனக்கும் ஒரு நாள் வேலை மிச்சம். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் ஷெட் எதிர் மனையில் கவிழ்ந்து கிடக்கிறது. நான்கு போல்ட்டும் டைல்ஸோடு, கீழே இருந்த சிமென்ட் கலவையையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தன. பைப் வளையவில்லை, வெல்டிங் விடவில்லை. காசை வாங்காமல் திரும்பப் போட்டுக் கொடுத்தேன்.

கார் ஷெட்டுக்குச் சுவர் கிடையாது. காற்று அடியில் புகுந்து கூரையைத் தூக்கும், மேலே ஓடுகிற காற்று இழுக்கும். பாரம் தாங்குமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். 10 அடிக்கு 17 அடி கலர் ஷீட் மொத்தமே 70, 75 கிலோதான், அதை எந்தத் தூணும் தாங்கும். பறக்காமல் பிடித்து வைப்பதுதான் பெரிய வேலை.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். நம் கடலோரத்துக்கு வடிவமைப்புக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ அழுத்தம். 10க்கு 17 அடி ஷெட் கிட்டத்தட்ட 16 சதுர மீட்டர். ஆக சுமார் 2.4 டன் மேல்நோக்கி இழுக்கும். தரையை உடைத்து, 2 அடிக்கு 2 அடி, 2.5 அடி ஆழக் குழியில் தூணை நிறுத்திக் கான்கிரீட் போட்டால் ஒரு குழி 680 கிலோ. நான்கு குழிக்கு 2.7 டன். இப்போது புரிகிறதா? கோவை, மதுரைப் பக்கம் 39 மீட்டர்தான் கணக்கு, அங்கே ஒன்றரை அடிச் சதுரக் குழி, அதே ஆழம், போதும்.

நான்கு டைல்ஸ் போகும். போகட்டும். ஒரு பக்கம் வீட்டுச் சுவரில் சேர்க்கிறீர்கள் என்றால் போல்ட்டை லிண்டல் பீமிலோ (ஜன்னல், கதவுக்கு மேலே ஓடும் கான்கிரீட்) கான்கிரீட் தூணிலோ அடியுங்கள், செங்கலில் அடிக்க வேண்டாம்.

ஜிஐ பைப் விலை அதிகம். எம்எஸ் பைப்பில் பெயின்ட் அடித்தால் ஆகாதா? (தூத்துக்குடி)

ஜிஐ என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு, எம்எஸ் என்றால் பூச்சில்லாத வெறும் இரும்பு. உங்களுடையது உப்புக் காற்றுள்ள ஊர். ஜிஐயே போடுங்கள், தூணுக்கு 2 மி.மீ. கனம். வெல்டிங் அடித்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கே மட்டும் ஜிங்க் பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். பைப் வாயை மூடச் சொல்லுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கினால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே தெரியாது.

ஷெட் போடும் இடத்துக்கு மேலே தென்னை மரம் இருக்கிறது. எந்த ஷீட் தாங்கும்? (பொள்ளாச்சி)

பொள்ளாச்சித் தேங்காய்க்கு எந்த ஷீட்டும் தாங்காது. மாதம் ஒருமுறை ஆள் ஏற்றி குலையையும் மட்டையையும் இறக்குங்கள், அல்லது ஷெட்டைத் தள்ளிப் போடுங்கள்.

ஷீட்டுக்குப் பதிலாக சோலார் பேனலையே கூரையாகப் போடலாமா? (சேலம்)

போடலாம், நல்ல யோசனை. 540 வாட் பேனல் 6 போட்டால் 3 கிலோவாட்டுக்கு மேல் வரும், அதற்கு வேண்டிய இடமும் ஒரு கார் ஷெட் அளவுதான். மத்திய அரசின் சூரிய வீடு (பி.எம். சூர்ய கர்) திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் பேனல்களுக்கு நடுவே இடைவெளி இருக்கும், மழை ஒழுகும். அடியில் தகரக் கால்வாய் வைக்க வேண்டும். அப்புறம், ஷெட் தெற்கு வெயில் படுகிற இடமா, மாடி நிழல் விழுகிற இடமா என்று ஒரு நாள் முழுக்க நின்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எங்கள் ஷெட் தண்ணீர் பக்கத்து வீட்டு வாசலில் விழுகிறது. தினம் சண்டை. (விழுப்புரம்)

தப்பு உங்கள் பக்கம். 5 செ.மீ. மழை பெய்தால் அந்தச் சின்னக் கூரையிலிருந்தே 800 லிட்டர் இறங்கும், யார் பொறுத்துக்கொள்வார்? வாட்டத்தை உங்கள் பக்கம் திருப்புங்கள், 10 அடிக்கு 1 அடி இறக்கம் இருக்கட்டும். அது முடியாவிட்டால் ஓரத்தில் கட்டர் (மழைநீர் வாங்கும் கால்வாய்) வைத்து, பைப்பில் இறக்கி, உங்கள் மழைநீர்த் தொட்டியில் விடுங்கள். ஷீட் முனை கட்டருக்குள் 2 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும், சரியாக ஓரத்தோடு வெட்டினால் தண்ணீர் பின்னால் வழிந்து மறுபடி அவர் வாசலுக்கே போகும்.