சகதியும் தனிப் பயணமும்: பைக் கேள்வி பதில்

ஐப்பசி மழை தொடங்கியதும் மைலேஜ் பற்றிய கேள்விகள் குறைந்து, சேறு பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. தார் ரோட்டை விட்டு இறங்கித் தனியாகப் போகிறவர்கள் கேட்டவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கே: கரிசல் காட்டு வண்டிப் பாதையில் எக்ஸ்பல்ஸ் 200 ஓட்டுகிறேன். மழை பெய்த மறுநாள் பின்சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. முறுக்க முறுக்க இன்னும் புதைந்தது. ஆள் துணை இல்லாத இடத்தில் எப்படி வெளியே எடுப்பது?
(வாசகர், விளாத்திகுளம்)

ப: முறுக்கியதால்தான் அச்சு வரை போனது. கரிசலில் உள்ள களி, தண்ணீரை உறிஞ்சி உப்பி, டயர் பட்டன்களுக்கு இடையே அடைத்துக்கொள்ளும். அதன்பின் உங்கள் நாப் டயரும் மொட்டை டயரும் ஒன்றுதான். சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை என்று தெரிந்த அந்த நொடியில் முறுக்குவதை விட்டுவிட வேண்டும். அந்த நிலையில் இறங்கித் தள்ளினாலே வண்டி வந்துவிடும். இன்னும் இரண்டு நொடி முறுக்கினால் இன்ஜினுக்கு அடியில் உள்ள தகடு சேற்றில் உட்கார்ந்துவிடும். அப்புறம் பின்சக்கரத்தில் எடையே இருக்காது. எடை இல்லாத சக்கரத்துக்குப் பிடிப்பும் இருக்காது.

புதைந்தபின் செய்ய வேண்டியது இது. சாவியை அணைத்துவிட்டு இறங்குங்கள். அச்சு வரை புதைந்த வண்டி ஸ்டாண்டு இல்லாமலே நிற்கும். பைகள், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் கழற்றிக் கெட்டியான தரையில் வையுங்கள். ஹேண்டில்பாரையும் பின்கைப்பிடியையும் பிடித்து வண்டியை இடமும் வலமுமாக நன்றாக ஆட்டுங்கள். அடித்தகட்டுக்கும் சேற்றுக்கும் இடையே காற்று புகுந்து, பிடித்திழுக்கும் அந்தப் பசை விடும். இதைச் செய்யாமல் தூக்கப் பார்ப்பவர்களுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

அடுத்து, வண்டியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். சூடான சைலன்சர் வலப்பக்கம் இருப்பதால் இடப்பக்கம்தான் காலுக்கு நல்லது. படுத்ததும் பின்சக்கரம் குழியை விட்டு வெளியே வந்துவிடும். அந்தக் குழியை நிரப்புங்கள்: கல், ஓட்டாஞ்சில்லு, பனையோலை எதுவானாலும் சரி. கரிசல் காட்டில் கல் கிடைப்பது அபூர்வம், ஆனால் சோளத்தட்டையும் பருத்திமாரும் பக்கத்துப் படப்பில் இருக்கும். உரியவரைக் கேட்டு எடுங்கள். சீமைக்கருவேலங்கிளையை மட்டும் போட்டுவிடாதீர்கள், அடுத்த பத்தாவது அடியில் பஞ்சர்.

குழியை நிரப்புவதைவிட நல்லது, குழியை விட்டே விலகுவது. படுத்த வண்டியின் பின்கைப்பிடியைப் பிடித்துக் கெட்டியான பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஈரக் களியில் படுத்த வண்டி நினைப்பதைவிட எளிதாக வழுக்கிக்கொண்டு வரும். முகம் வந்த வழியைப் பார்த்திருக்கும்படி திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பின்னால் வண்டியைத் தாங்கிய தரை இருக்கிறது.

நிமிர்த்தியபின் ஏறி உட்காராதீர்கள். இடப்பக்கம் நின்றபடி இரண்டாம் கியரில் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, கூடவே நடந்து தள்ளுங்கள். முதல் கியரில் சக்கரம் சட்டென்று சுழன்றுவிடும். சுழன்றால் உடனே நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னால் அரை மீட்டர் நீளத்துக்குச் சரிவாகச் சேற்றை வழித்துவிட்டு மறுபடி பாருங்கள். செங்குத்துச் சுவராக விட்டால் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் ஏறாது. இதற்குத் தோட்ட வேலைக்கு விற்கும் கைக்கொத்து ஒன்று பையில் இருந்தால் போதும்.

பாதையில் இறங்குவதற்கு முன் ஒரு சோதனை: ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறவுங்கள். உதிர்ந்தால் போகலாம். உருண்டையாகி உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டால், அன்றைக்கு அந்தப் பாதை உங்களுக்கு இல்லை.

கே: சேற்றில் டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். எவ்வளவு? டியூப் டயர்.
(வாசகி, ஈரோடு)

ப: 18 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்குங்கள். சுமையில்லாத, எடை குறைந்த வண்டியானால் 15 வரை போகலாம். அதற்குக் கீழே தனியாகப் போகிறவருக்கு வேண்டாம். காற்று குறைந்தால் ரிம்மின் மேல் டயர் நழுவும். டயரோடு டியூபும் சுற்றும். ரிம் ஓட்டையில் மாட்டிய வால்வு அடியோடு பிய்த்துக்கொள்ளும். அந்த டியூபை எந்தப் பஞ்சர் கடையிலும் ஒட்ட முடியாது.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டயரின் ஓரத்திலும் ரிம்மிலும் சேர்ந்தாற்போல வெள்ளை பெயின்டில் ஒரு கோடு போடுங்கள். நிற்கும்போதெல்லாம் பாருங்கள். இரண்டு கோடும் விலகியிருந்தால் டயர் நகர்கிறது, காற்றை ஏற்றிவிடுங்கள். வால்வின் நட்டை ரிம்மோடு சேர்த்து இறுக்காமல் மூடிப் பக்கமாக ஏற்றி வைத்தால், டியூப் நகரும்போது வால்வு ஒரு பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரியும்; பிய்வதற்கு முன் அவகாசமும் கிடைக்கும். அடிக்கடி சேற்றில் போகிறவர், டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் போட்டுக்கொள்ளலாம்.

எல்லாச் சேற்றுக்கும் இது மருந்தல்ல. மேலே கூழ், அடியில் கெட்டித் தரை என்றால் காற்றைக் குறைத்துப் பெரிய லாபம் இல்லை; டயர் கூழைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைத் தொட வேண்டும். மணலும் ஈரச் செம்மண்ணும்தான் குறைந்த காற்றுக்கு நன்றாக மசியும். தார் ரோடு ஏறுமுன் கம்பெனி சொன்ன அளவுக்குத் திரும்ப அடித்துவிடுங்கள். அதற்குச் சிறிய கைப்பம்பு போதும், நேரம்தான் பிடிக்கும்.

கே: 100 சிசி வண்டி. சேற்றில் 50 அடி போவதற்குள் முன்சக்கரம் சுற்றாமலே நின்றுவிடுகிறது. பிரேக் பிடித்துக்கொள்கிறதா?
(வாசகர், சாத்தூர்)

ப: பிரேக் அல்ல, மட்கார்டு. ஊர் வண்டிகளில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. களி அங்கே அடைத்து இறுகினால் அதுவே பிரேக் கட்டையாகிவிடும். முழுக்கக் காய்ந்த கரிசலும் முழுக்கக் கரைந்த கரிசலும் இப்படிச் செய்யாது. நடுத்தர ஈரத்தில் இருப்பதுதான் மோசம்.

வழி எளிது. அப்படிப்பட்ட பாதை என்று தெரிந்தால் கிளம்பும்போதே முன் மட்கார்டைக் கழற்றி வைத்துவிடுங்கள். போல்ட்டுகள் பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனருக்கு வரும். டிஸ்க் பிரேக் வண்டியானால் பிரேக் ஹோஸும் சில சமயம் மட்கார்டில்தான் கிளிப் போட்டிருக்கும். கழற்றியபின் அது டயரில் உரசாதபடி ஃபோர்க்கோடு சேர்த்துக் கட்டுங்கள். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் குச்சியால் குத்துவதைவிட, பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்றின் நுனியை வளைத்து வைத்துக்கொண்டு வழித்தெடுப்பது வேகம்.

செயின் கவருக்குள்ளும் பார்த்துவிடுங்கள். பின் ஸ்ப்ராக்கெட் பல்லில் சேறு இறுகினால் செயின் விறைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் செயினைத் தளர்த்தாதீர்கள். சேற்றைக் கழுவியதும் அது பழையபடி தளர்ந்துவிடும்.

கே: ஹிமாலயன் 411 வைத்திருக்கிறேன். 199 கிலோ. உயரம் குறைந்தவன், ஒல்லி. விழுந்தால் தனியாகத் தூக்க முடியுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

ப: முடியும், கையால் அல்ல காலால். சாவியை அணைத்துப் பைகளைக் கழற்றுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை வெளியே இழுத்துவிட்டு, கியரில் போட்டுவிடுங்கள். தூக்கியபின் மறுபக்கம் சாய்ந்தாலும் ஸ்டாண்டு தாங்கும். பிறகு வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்துங்கள். பின்புறம் சீட்டின் விளிம்பில் பட வேண்டும். தரைப்பக்கம் உள்ள ஹேண்டில்பார் பிடியை ஒரு கையிலும், பின்கைப்பிடியை இன்னொரு கையிலும் பற்றி, முதுகை நேராக வைத்துச் சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடங்கள். சேற்றில் கால் வழுக்குமானால் குதிகாலுக்குக் கீழே மட்டும் குழி பறித்துக்கொள்ளுங்கள்.

சரிவில் விழுந்து, சக்கரங்கள் மேட்டுப் பக்கம் இருந்தால் தூக்கவே முயலாதீர்கள். படுத்தபடியே இழுத்துத் திருப்பி, சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வந்தபின் தூக்குங்கள். சைடு ஸ்டாண்டு மண்ணில் புதையாமலிருக்க நசுக்கிய தகர டப்பா ஒன்று போதும்.

எடுத்தவுடன் ஸ்டார்ட் ஆகவில்லையென்று பேட்டரியை வதைக்க வேண்டாம். பல வண்டிகளில் சாய்வை அறியும் சென்சார் இன்ஜினை நிறுத்தியிருக்கும். சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும்.

கே: சேற்றில் அரைமணி நேரம் போராடினேன். கிளட்ச் லிவர் தொளதொளவென்று ஆகிவிட்டது. கேபிளை இறுக்கினேன். வீட்டுக்கு வந்த மறுநாள் கிளட்ச் வழுக்குகிறது.
(வாசகர், தர்மபுரி)

ப: சூடான நேரத்தில் இறுக்கியதுதான் கோளாறு. பாதி பிடித்த கிளட்ச்சிலேயே வண்டியை உந்தும்போது தட்டுகள் சூடாகி உப்புகின்றன. தட்டடுக்கு தடித்தால் லிவரில் ஆட்டம் கூடும். கிளட்ச் முழுக்க விடாமல் வண்டி இழுக்கும். ஆறினால் எல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் கேபிளை இறுக்கிவிட்டதால், ஆறியபின் லிவரில் ஆட்டமே மிஞ்சவில்லை. தட்டுகள் முழுக்க அழுந்தாமல் வழுக்குகின்றன.

இப்போது இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது லிவர் நுனியில் 10 முதல் 15 மி.மீ. ஆட்டம் வரும்படி தளர்த்துங்கள். ஆயிலை மாற்றுங்கள், கருகல் வாடை அடித்தால் கட்டாயம். அதன்பின் நாலாம் கியரில் நடுத்தர வேகத்திலிருந்து சட்டென்று முறுக்கிப் பாருங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் தட்டுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். இரும்புத் தட்டு நீலம் பூத்திருந்தால் மாற்றுங்கள்.

இனிமேல் வாடை வந்ததும் 20 நிமிடம் வண்டியை அணைத்துப் போட்டுவிட்டு உட்காருங்கள். தனியாகப் போகிறவர் பெட்ரோலைவிடக் கிளட்ச்சைச் சிக்கனமாகச் செலவு செய்ய வேண்டும்.

கே: வாய்க்காலில் இறக்கியபோது வண்டி மூழ்கி நின்றுவிட்டது. செல்ஃப் அடித்துப் பார்க்கலாமா?
(வாசகர், மன்னார்குடி)

ப: வேண்டவே வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிக்குழாயைத் திறந்து வடிய விடுங்கள். ஃபில்டர் பேப்பரானால் நனைந்ததைப் போட்டு ஓட்டாதீர்கள். டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஓரிடத்தில் கெட்டியாக இடித்தால் அதோடு நிறுத்திவிட்டு வண்டியை ஏற்றிச் செல்லுங்கள். இடிக்கவில்லையென்றால், பிளக் இல்லாமலே இரண்டிரண்டு நொடியாகச் செல்ஃப் அடித்துத் தண்ணீரைத் துப்ப விடுங்கள். முகத்தை ஓட்டைக்கு நேரே கொண்டுபோகாதீர்கள். இக்னிஷன் காயிலின் ஒயரைக் கழற்றிவிட்டு அடிப்பது நல்லது.

ஆயிலைப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர். அதை வடித்துவிட்டுப் புது ஆயில் ஊற்றி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் வடித்து மறுபடி ஊற்ற வேண்டும். ஒருமுறை மாற்றினால் போதாது.

கே: தனியாகப் போகும்போது வண்டியை இழுக்கக் கயிறு, கப்பி வைத்துக்கொள்ளலாமா? எப்படிக் கட்டுவது?
(வாசகர், திண்டுக்கல்)

ப: 6 மி.மீ. பாலியெஸ்டர் கயிறு 20 மீட்டர், சிறிய கப்பி மூன்று, மரத்தைச் சுற்ற அகலமான பட்டை ஒன்று. மஞ்சள் பிளாஸ்டிக் கயிறு முடிச்சு நிற்காது. நைலான் நீளும், நீண்ட கயிறு அறுந்தால் முகத்துக்கு வரும்.

கயிற்றின் ஒரு நுனியை முன்ஃபோர்க்கின் கீழ்ப்பாகத்தில் கட்டுங்கள், ஹேண்டில்பாரில் கூடாது. அங்கிருந்து மரத்துக் கப்பி, திரும்ப வண்டியில் ஒரு கப்பி, மறுபடி மரத்தில் இன்னொரு கப்பி, அங்கிருந்து உங்கள் கைக்கு. வண்டியைப் பிடித்து இழுப்பவை மூன்று இழைகள். கணக்குப்படி உங்கள் பலம் மூன்று மடங்கு, உராய்வு போக இரண்டுக்குச் சற்று மேலே கிடைக்கும். கடைசிக் கப்பி பலத்தைக் கூட்டாது. ஆனால் நுனி உங்களிடம் வந்துவிடுவதால் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று, சாயும்போது பிடித்துக்கொள்ளலாம். மூன்று மீட்டர் இழுத்தால் வண்டி ஒரு மீட்டர் வரும். மரம் ஐந்து மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதையும் 20 மீட்டர் கயிறே சொல்லிவிடுகிறது; தூரமானால் மரத்திலிருந்து தனிக் கயிறு ஒன்றை நீட்டி அதன் முனையில் கப்பிகளை மாட்டுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும், பட்டையை மரத்தின் அடியோடு சேர்த்துக் கட்டுங்கள். பனை, வேம்பு உத்தமம். முருங்கை வேண்டாம்.

கே: சிக்னல் இல்லாத இடங்களுக்காக வெளிநாட்டு நண்பர் சாட்டிலைட் மெசேஜ் கருவி ஒன்று தருகிறார். கொண்டுபோகலாமா?
(வாசகர், சென்னை)

ப: தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்தில் அதோடு பிடிபட்டு வழக்கைச் சந்தித்த வெளிநாட்டுப் பயணிகள் உண்டு.

உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும், வேறு கம்பெனி டவர் இருந்தால் 112 போகும். போகும் பாதையையும், எத்தனை மணிக்குள் கூப்பிடாவிட்டால் தேட வேண்டும் என்பதையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள். மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். இருட்ட இரண்டு மணி நேரம் இருக்கும்போதும் வண்டி வெளியே வரவில்லையென்றால், சாவியை எடுத்துக்கொண்டு வந்த வழியே நடங்கள். வண்டி அங்கேயேதான் இருக்கும். காலையில் டிராக்டரோடு போய் எடுத்துக்கொள்ளலாம்.