குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, குடிக்கலாமா?

கேள்வி: கடலோர ஊர் ஒன்றுக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. குழாய்த் தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் லேசாக உப்புக் கரிக்கிறது. காய்ச்சித்தான் குடிக்கிறோம். கணவருக்கு இரத்த அழுத்தம் உண்டு. கைக்குழந்தைக்கு நான்கு மாதம். இந்தத் தண்ணீர் நல்லதா?

பதில்: காய்ச்சிக் குடிப்பது நல்ல பழக்கம், அதை விட்டுவிடாதீர்கள். ஆனால் காய்ச்சினால் கிருமிதான் சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகிக் குறையக் குறைய உப்பின் அளவு சற்றுக் கூடவே செய்யும். கிருமியும் உப்பும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்றுக்குச் செய்கிற வைத்தியம் இன்னொன்றுக்கு உதவாது.

உப்பு எங்கிருந்து வருகிறது? கடற்கரைப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மேல் உறிஞ்சினால் அந்த இடத்துக்குக் கடல்நீர் ஏறிவரும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. நூறு லிட்டர் நல்ல தண்ணீரில் இரண்டு லிட்டர் கடல்நீர் கலந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் உங்கள் குழாயில் வருவது ஊர் விநியோகத் தண்ணீரா, கட்டடத்தின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரா என்று முதலில் விசாரியுங்கள். ஆழ்துளைக் கிணறு என்றால் பரிசோதனை செய்தே ஆக வேண்டும்.

லிட்டருக்கு 200 மில்லிகிராம் அளவில் சோடியம் இருக்கும்போதுதான் பொதுவாகக் கரிப்பு தெரிய ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட தண்ணீரை நாளுக்கு இரண்டு லிட்டர் குடித்தால் 400 மில்லிகிராம் சோடியம் உள்ளே போகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 2,000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரிலேயே போய்விடுகிறது. ஆரோக்கியமானவருக்கு இது பெரிய ஆபத்து இல்லை. ஆனால் உங்கள் கணவர் சாப்பாட்டில் எவ்வளவு கவனமாக உப்பைக் குறைத்தாலும், தம்ளர் வழியாக அது திரும்ப வந்துகொண்டிருக்கும். குடிக்கவும் சமைக்கவும் உப்புக் குறைந்த தண்ணீரே அவருக்கு வேண்டும். இந்த விஷயத்தை அவருடைய மருத்துவரிடமும் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக மாற்ற வேண்டாம்.

உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. இயந்திரம் உதவும். சாதாரண வடிகட்டியும் புற ஊதாக் கதிர்க் கருவியும் உப்பை எடுக்காது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் குறைவாகக் காட்டினால் போதும் என்று பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்தக் கருவி கிருமியைக் காட்டாது.

எனக்குக் கிருமிதான் அதிகக் கவலை. தெளிவாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். டைபாய்டு, காலரா, மஞ்சள் காமாலை பரப்பும் கிருமிகள் எதுவும் தண்ணீரைக் கலங்க வைக்காது. விநியோகம் விட்டு விட்டு வரும் ஊர்களில், குழாயில் அழுத்தம் இல்லாத நேரத்தில் விரிசல் வழியாகக் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். அப்புறம் மாடித் தொட்டி வேறு இருக்கிறது. அதைக் கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று கேளுங்கள். சமையலறைக் குழாயிலிருந்தே மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுங்கள். மலம் கலந்திருப்பதைக் காட்டிக்கொடுக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. சோடியம், குளோரைடு, நைட்ரேட் அளவுகளையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான குளோரின் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம், அது நல்ல அறிகுறிதான். காய்ச்சும்போது நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கட்டும், பிறகு மூடி வையுங்கள்.

குழந்தைக்கு வருவோம். தாய்ப்பால் மட்டும் கொடுக்கிறீர்கள் என்றால் ஆறு மாதம் வரை தண்ணீரே வேண்டாம், வெயில் காலத்திலும்கூட. பால் மாவு கரைக்கிறீர்கள் என்றால் இந்தக் கரிக்கிற தண்ணீரில் கரைக்காதீர்கள். பிஞ்சுச் சிறுநீரகத்தால் கூடுதல் உப்பை எளிதில் வெளியேற்ற முடியாது. உப்புக் குறைந்த தண்ணீரைக் கொதிக்க வைத்து, 70 டிகிரி சூட்டுக்குக் கீழே இறங்கும் முன் மாவைக் கலந்து, நன்றாக ஆறவைத்துக் கொடுங்கள். வயிற்றுப்போக்கு வந்து ஓ.ஆர்.எஸ். கரைக்க நேர்ந்தாலும் உப்புக் குறைந்த, காய்ச்சிய தண்ணீர்தான். பாக்கெட்டில் உப்பின் அளவு கணக்காக இருக்கிறது, அதற்கு மேல் சேரக் கூடாது. குழந்தை சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, கண்கள் குழி விழுந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிப் போய்விடுங்கள்.