காசு கேட்கும் பதிப்பாளரிடம் கதைகளைக் கொடுக்கலாமா?

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். எட்டு வருடமாக எழுதிய 14 சிறுகதைகள் கையில் இருக்கின்றன. முகநூலில் அறிமுகமான ஒருவர் "நான் பதிப்பாளர், புத்தகமாகப் போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி 300 பிரதிக்கு 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபா கேட்கிறார். பாதிக் காசை இந்த மாதத்துக்குள் கட்ட வேண்டுமாம். ஐ.எஸ்.பி.என். இலக்கம் எடுக்க 25,000 தனி, பதிப்புரிமையைப் "பதிவு" செய்ய இன்னொரு 15,000. கையெழுத்துப் போடச் சொல்லி ஒப்பந்தத் தாளும் வந்துவிட்டது. கதைகள் எழுதிய இரண்டு கொப்பிகள் ஏற்கெனவே அவரிடம். தங்கச்சி நகையை அடகு வைக்க யோசிக்கிறார். "எனக்கு யாரையும் தெரியாது, இதை விட்டால் என் கதைகள் கொப்பியிலேயே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்கிறார்.

நகையை அடகு வைக்காதீர்கள். கையெழுத்தும் போடாதீர்கள். முதலில் அந்தக் கொப்பிகளை வாங்குங்கள், மற்றதெல்லாம் பிறகு. அழைத்து, "பாடசாலைப் போட்டிக்கு ஒரு கதை கொடுக்க வேண்டும், கொப்பி தேவை" என்று சொன்னால் போதும், சண்டை பிடிக்க வேண்டியதில்லை. கைக்கு வந்ததும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்து, உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள். எழுதிய ஒரே பிரதியை யாரிடமும் கொடுக்கக் கூடாது, என்னிடம் கூட.

பதிப்புரிமைக்கு 15,000 என்பது முழுப் பொய். இலங்கையில் பதிப்புரிமையைப் பதிவு செய்யும் முறையே கிடையாது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, நீங்கள் கதையை எழுதிய அந்த நிமிடமே உரிமை உங்களுடையது. அச்சடித்திருக்க வேண்டியதில்லை, முத்திரை வேண்டாம், சட்டத்தரணி வேண்டாம். நீங்கள் இருக்கும் வரைக்கும், அதற்குப் பிறகு 70 வருடத்துக்கும் அது செல்லும். இல்லாத பதிவுக்குக் காசு கேட்பவர் இருக்கிற வேலையை எப்படிச் செய்வார்?

ஐ.எஸ்.பி.என். விசயமும் அப்படித்தான். அது 13 இலக்க எண், புத்தகத்தை அடையாளம் காண மட்டும். அதைக் கொடுப்பது கொழும்பு 7இல் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை. எழுதியவரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். நடுவில் ஆள் தேவையில்லை, அதற்கு 25,000 ஒன்றும் ஆகாது. அவர் தன் பதிப்பகத்துக்கு ஒதுக்கிய எண்களிலிருந்து ஒன்றை உங்கள் புத்தகத்துக்குப் போட்டால், பதிவில் பதிப்பாளர் என்று அவர் பெயர்தான் நிற்கும், காசு கட்டியது நீங்கள் என்றாலும். உங்கள் புத்தகம் என்றால் உங்கள் பெயரிலேயே எடுங்கள். ஐ.எஸ்.பி.என். இருந்தால்தான் கதை உங்களுடையது என்று அவர் சொன்னாராமே, அதுவும் பிழை. எண்ணுக்கும் உரிமைக்கும் சம்பந்தமே இல்லை.

இனி அந்த ஒப்பந்தம். நீங்கள் அனுப்பிய படத்தை இரண்டு தடவை படித்தேன். ஆறாவது பிரிவைப் பாருங்கள்: சகல உரிமைகளும் பதிப்பகத்துக்கே, எழுத்தாளர் விலக விரும்பினால் பதிப்பகம் சொல்லும் கணக்குப்படி செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும், கட்டும் வரை கதைகளை வேறெங்கும் வெளியிடக் கூடாது. நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்தது, வீட்டில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கடன் எவ்வளவு என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து ஒரு டீச்சரின் கதைக்குத் துண்டு எழுதுகிறார்கள் என்று நினைக்க எனக்கு வயிறு எரிகிறது. தோட்டத்துக்கு ஆள் பிடித்து, ஆள் கணக்குக்குத் தலைக்காசு வாங்கிய கங்காணிக்கும், எழுத்தாளர் கணக்குக்குக் காசு வாங்கும் இவருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உரிமையை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே உங்கள் கையெழுத்து இல்லாமல் அவரால் உரிமையை எடுக்க முடியாது. வட்ஸ்அப்பில் "சரி அண்ணா" என்று அனுப்பியதை நினைத்துப் பயப்படுகிறீர்கள். பயப்பட ஒன்றுமில்லை, உரிமை அதனால் கைமாறாது. யாராவது ஒழுங்கான பதிப்பாளர் வந்தால் ஒரு பதிப்புக்கு, இத்தனை பிரதிக்கு, தமிழ் அச்சுப் புத்தகத்துக்கு மட்டும் என்று அனுமதி கொடுங்கள். மொழிபெயர்ப்பு, நாடகம், படம், மின்னூல் எல்லாவற்றையும் ஒரே வரியில் தூக்கிக் கொடுக்கவே கூடாது.

அப்பாவின் பாட்டுகளையும் கடைசியில் சேர்க்க ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஏனென்றால் உங்கள் கதைகளுக்கு இருக்கும் விதி இதற்கு இல்லை. அப்பா 2009இல் தவறினார் என்றால் அவர் எழுதியவற்றுக்கு 2079 வரை உரிமை உண்டு, அந்த உரிமை இப்போது உங்கள் ஒருவரிடம் இல்லை. அம்மா இருக்கிறார், அக்கா இருக்கிறார், டுபாயில் தம்பி இருக்கிறார். கொப்பி உங்களிடம் இருப்பதால் பாட்டும் உங்களுடையது ஆகிவிடாது. "இன்னின்ன பாட்டுகளை இந்தத் தொகுப்பில் சேர்க்கச் சம்மதிக்கிறோம்" என்று ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை இலக்கம், திகதியோடு மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தம்பி தாளில் கையெழுத்துப் போட்டுப் படமெடுத்து அனுப்பட்டும், ஊருக்கு வரும்போது மூலத்தைக் கொண்டு வரட்டும். குடும்பத்துக்குள் எதற்கு இதெல்லாம் என்று அம்மா கேட்பார். புத்தகம் வந்து நாலு பேர் பேசிய பிறகு அண்ணன் தங்கச்சி முகம் பார்க்காமல் போனதை நான் கண்டிருக்கிறேன். அப்புறம் இன்னொன்று, அந்தப் பாட்டுகளில் அப்பா தானாக எழுதியவை எவை, மலையில் பாடக் கேட்டு எழுதி வைத்தவை எவை என்று அம்மாவிடம் கேட்டுப் பிரியுங்கள். கேட்டு எழுதியதை "கேட்டு எழுதியது" என்றே போடுங்கள். சினிமா மெட்டில் எழுதியிருந்தால் சொல்தான் அப்பாவுடையது, மெட்டு வேறு ஒருவருடையது.

இனி, யாரையும் தெரியாது என்று சொன்னீர்களே, அதற்கு வருகிறேன். யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. 1960களில் வீரகேசரி மலையக எழுத்தாளர்களுக்குச் சிறுகதைப் போட்டி வைத்தபோது கதை அனுப்பியவர்களுக்குக் கொழும்பில் யாரைத் தெரியும்? தெளிவத்தை ஜோசப் அந்தப் போட்டிகளில் பரிசு வாங்கி வெளியே தெரிந்தவர். 2013இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது வரைக்கும் போனார். அந்தப் போட்டிகளுக்கும் முன்னால், தொழிற்சங்கத்தில் இருந்த மீனாட்சி அம்மாள் தொழிலாளர் பாட்டுகளை எழுதிச் சின்னப் புத்தகமாக அச்சடித்துக் கூட்டங்களில் பாடினார். நம்முடைய எழுத்து அப்படித்தான் ஆளுக்கு ஆள் போய்ச் சேர்ந்தது.

அதனால் 14 கதையையும் ஒன்றாகக் கட்டி யாரிடமாவது ஒப்படைக்க அவசரப்படாதீர்கள். ஞாயிறு வீரகேசரிக்கு, தினகரன் வாரமஞ்சரிக்கு, தினக்குரலுக்கு ஒவ்வொன்றாக அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பக் கூடாது. பதில் வராமலே போகலாம், அது இங்கே வழமை, உங்கள் கதைக்குக் குறை என்று அர்த்தமில்லை. தேசிய நூலகச் சபையிடம் கையெழுத்துப் பிரதிகளுக்கு உதவும் திட்டம் ஒன்று உண்டு, கொடகே பதிப்பக நிறுவனத்தின் கையெழுத்துப் பிரதி விருதில் தமிழுக்கும் இடமுண்டு. அறிவித்தல் வரும்போது கண்ணில் படுகிற மாதிரிப் பத்திரிகையைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் கொழும்பைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது என்பது எனக்கும் கோபம்தான். ஒரு தாள் கொடுக்க, ஒரு கையெழுத்து வாங்க அட்டனிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, ஒரு நாள் பெயரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை இழந்து, இரவு பத்து மணிக்கு வந்து இறங்கியவர்கள் எத்தனை பேர்! நுவரெலியா மாவட்டத்துக்குள்ளேயே இதையெல்லாம் செய்து கொடுத்தால் யாருக்கு என்ன குறைந்துவிடும்?  எங்கள் ஆட்களுக்கு இடைத்தரகர் தேவைப்படுவதற்கு இந்தத் தூரமும் காரணம்.

புத்தகமாகப் போடத்தான் வேண்டும் என்றால் அச்சகத்துக்கு நீங்களே போங்கள். அட்டனிலோ கண்டியிலோ மூன்று அச்சகங்களில் ஒரே கணக்கைச் சொல்லி விலை எழுதி வாங்குங்கள். எத்தனை பக்கம், என்ன அளவு, உள்தாள் 70 கிராமா 80 கிராமா, அட்டை எத்தனை கிராம், கட்டு தைத்ததா பசை ஒட்டியதா, எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விலையை ஒப்பிடவே முடியாது. பக்கங்கள் 16இன் மடங்காக வந்தால் தாள் வீணாகாது. எடுத்த எடுப்பில் 100 பிரதி போதும், டிஜிட்டல் அச்சில் 50 கூடப் போடலாம். "கூடப் போட்டால் ஒரு பிரதியின் விலை குறையும்" என்பார்கள். உண்மைதான், தட்டு செய்யும் செலவு எத்தனை பிரதிக்கும் ஒன்றுதான். ஆனால் விற்காத பிரதிக்கும் நீங்கள் காசு கட்டியிருக்கிறீர்கள்.

நான் 25 வருடம் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவன், இருந்தும் என் முதல் புத்தகத்தை ஒருவர் பேச்சைக் கேட்டு 1,000 பிரதி போட்டேன். விழாவில் 140 போனது. மிச்சத்தைக் கட்டிலுக்கு அடியில் பெட்டி பெட்டியாக வைத்தோம். ஆனி ஆடி மழைக்கு அட்டை எல்லாம் உள்பக்கமாகச் சுருண்டு, பசை விட்டு, ஒரு பிரதியைத் திறந்தால் நடுவில் பதினாறு பக்கம் கையோடு வந்தது. தாளில் பச்சையாகப் பூஞ்சணம். என் மனைவி அடுப்புக்குப் பக்கத்தில் வரிசையாக நிறுத்திக் காய வைத்தாள். அந்த மணம் இன்றும் எனக்கு மறக்கவில்லை.

விழாவைப் பற்றியும் அவர் ஆசை காட்டியிருக்கிறார். முதற்பிரதி வாங்க முதலாளி வருவார், சிறப்புப் பிரதி வாங்குபவர்கள் உறையில் காசு வைப்பார்கள், போட்ட காசு அன்றைக்கே வந்துவிடும் என்று. அந்த உறைகள் வரும் என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். மண்டபம், மாலை, பொன்னாடை, சாப்பாடு எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். காசு வாங்கிக்கொண்டு விருதும் பட்டமும் கொடுக்கிற ஆட்கள் அடுத்ததாக வருவார்கள், அவர்களுக்குப் பதிலே போடாதீர்கள். பாடசாலை மண்டபத்தில், பிள்ளைகளின் பெற்றோர் முன்னால், ஒரு கதையை நீங்களே வாசியுங்கள். அதுதான் விழா.

எழுத்தைத் தட்டுவது பற்றி. போனிலேயே யுனிகோட்டில் நீங்களே தட்டுங்கள். பல அச்சகங்களில் இன்னும் யுனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துரு ஓடுகிறது, அதற்கு மாற்றும்போது ஒற்றுப் புள்ளி விழும், ஸ்ரீ உடையும், கொம்பு இடம் மாறி நிற்கும். மாற்றிய பிறகு ஒரு முறை முழுவதும் வாசிக்க வேண்டும், நீங்கள் மட்டுமல்ல, கதை தெரியாத இன்னொருவரும். ஆனால் சொல்லில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். என் மேசைக்கு வந்த பிரதிகளில் "காம்பரா"வை "அறை" ஆக்கியிருந்தார்கள், "இஸ்தோப்பு" "தாழ்வாரம்" ஆகியிருந்தது, காலையில் வேலைக்கு ஆட்களைப் பிரித்துவிடும் "பெரட்டு"வை ஒருவர் "அணிவகுப்பு" என்று திருத்தி அனுப்பினார். பெரட்டுக்களத்தில் நின்றவனுக்கு அணிவகுப்பு என்றால் இராணுவம். எழுதியதைச் சிதைக்காமல் இருக்கச் சொல்லும் உரிமையும் அதே சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய கதையையும் வாசித்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் இரண்டு கிலோ வெட்டுகிறார்கள், அரைப்பெயர்தான், அரை நாள் சம்பளம்தான் என்கிறார்கள். அம்மா ஒன்றும் பேசவில்லை, இடுப்புப் படங்கில் கையைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாள், ஈரம் போன பிறகும் துடைக்கிறாள். அந்த இடம் அவ்வளவு நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிற மூன்று பந்தியில் அம்மாவின் கவலையை விளக்கியிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். எடுத்தால் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்கும் அடங்கும்.

முதலில் அனுப்ப வேண்டியது அந்தக் கதைதான். கீழே உங்கள் முழுப் பெயர், தோட்டத்தின் பெயர், தபால் முகவரி, போன் இலக்கம் எழுதுங்கள். அனுப்பிய திகதியைக் கொப்பியில் குறித்து வையுங்கள், மூன்று மாதம் பாருங்கள், வராவிட்டால் அடுத்த பத்திரிகைக்கு அனுப்புங்கள். கொப்பிகள் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்கள்.