ஐஸ் என்கிற மெத்தாம்பெட்டமைன், கோகைன் இவற்றை விட்டவர்களுக்கு வரும் வித்ட்ராயலை, அதாவது நிறுத்தியபின் வரும் தொல்லைகளை, எப்படி அளக்கிறார்கள்? ரத்தப் பரிசோதனையில் தெரியுமா?

தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனையும் சரக்கு உடம்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும். நிறுத்தியபின் ஆள் படும் பாட்டை அளக்க, கேட்டுக் கேட்டுக் குறிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

போதை சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். குடியை நிறுத்தியவரிடம் வேலை ஓரளவு சுலபம். கையை நீட்டச் சொன்னால் நடுக்கம் தெரிந்துவிடும், வியர்வை தெரியும். அதற்கான ஸ்கேலில், அதாவது மார்க் போடும் படிவத்தில், 10 அம்சங்கள், அதிகபட்சம் 67. ஹெராயின் கேஸுக்கு நாடி, கண்மணி விரிவு, கொட்டாவி, மூக்கொழுகல் என்று கண்ணால் பார்த்தே பாதி போட்டுவிடலாம். ஐஸ் கேஸ் அப்படியில்லை. பிபி, பல்ஸ் பெரும்பாலும் நார்மலாக இருக்கும், ஆள் சுருண்டு தூங்குவார். சாப்பாடு வந்தால் எழுந்து இரண்டு தட்டு காலி பண்ணிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். "மனசு எப்படி இருக்கு, 0-லருந்து 7-க்குள்ள சொல்லுங்க" என்றால், "ஒண்ணுமே இல்ல சிஸ்டர், விடுங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த 'ஒண்ணுமே இல்ல'வுக்கு தொல்லையே இல்லை என்று 0 போடுவதா, உச்சம் என்று 7 போடுவதா?

கோகைனுக்கென்று அமெரிக்காவில் கேம்ப்மன் குழு 1998-ல் வெளியிட்ட ஸ்கேலில் 18 கேள்விகள். தூக்கமின்மையும் அதிதூக்கமும், பசியின்மையும் பெரும்பசியும் தனித்தனிக் கேள்விகள். ஏனென்றால் முதல் நாட்களில் விடாமல் தூங்குபவரே பிறகு ராத்திரி முழுக்கக் கண் விழித்துக் கிடப்பார். மொத்தக் கூட்டல் அப்படியே இருக்கலாம், உள்ளே இருக்கும் தொல்லை வேறாகியிருக்கும். அதனால் மொத்தத்தைவிட வரி வரியாகப் பார்ப்பதுதான் என் பழக்கம்.

மெத்தாம்பெட்டமைனுக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் 1999-ல் 10 கேள்விகள் கொண்ட ஒரு ஸ்கேல் செய்தார்கள். யாபா என்ற மெத்தாம்பெட்டமைன் மாத்திரை கொடிகட்டிப் பறந்த ஊர். மெக்ரெகர் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வும் தாய்லாந்து வார்டு நோயாளிகளை வைத்துத்தான்: முதல் நாளிலேயே உச்சம், ஒரு வாரத்துக்குள் பெரும்பகுதி இறக்கம், அதற்குப் பிறகும் லேசான தொல்லைகள் இரண்டு வாரமாவது.

எங்கே வைத்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். 1986-ல் காவின், க்ளெபர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வெளிநோயாளிகளைப் பார்த்து, கோகைன் வித்ட்ராயலுக்கு மூன்று கட்டம் உண்டு என்றார்கள்: சில நாள் சரிவு, பல வாரம் வெறுமை, அதற்குப் பிறகும் திடீர் திடீரென்று ஏக்கம். 1990-ல் வெடிங்டன் குழு 12 பேரை 28 நாள் உள்ளேயே வைத்துப் பார்த்தபோது கட்டமாகவே தெரியவில்லை, எல்லாம் படிப்படியாகக் குறைந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. வார்டில் பழைய கூட்டாளி இல்லை, சரக்கு கொடுப்பவன் போன் இல்லை, ஏக்கம் எங்கிருந்து வரும்? டிஸ்சார்ஜ் அன்று ஏக்கம் 0 என்று எழுதியவர் தன் தெருமுனையிலும் அதையேதான் சொல்வார் என்று நான் நம்ப மாட்டேன்.

அப்படியானால் ஸ்கோர் எதற்கு? சேரும்போதே கோகைன் ஸ்கோர் அதிகமாக இருப்பவர்கள், சிறுநீரிலும் பாசிட்டிவ் என்றால் இன்னும் அதிகமாக, வெளிநோயாளி சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று அதே கேம்ப்மன் குழு 2001-ல் காட்டியது. யாரை அடிக்கடி கூப்பிட்டு விசாரிக்க வேண்டும் என்பது அதில் தெரிந்துவிடும்.

வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் தினமும் ஒரே நேரத்தில், ஒரே கேள்விகளைக் கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள். டாக்டருக்கு அது ரொம்ப உதவும். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்பதை நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் மற்ற மார்க் எதுவாக இருந்தாலும் தனியே விடாமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடுராத்திரி என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.