சதுரங்க உலக சாம்பியன் ஸ்டெய்னிட்ஸ்: கேள்வி பதில்

கேள்வி: 1866இலேயே அன்றைய முன்னணி வீரர் ஆண்டர்சனை வென்றுவிட்டாரே, பிறகு ஏன் 1886 முதல் சாம்பியன் என்கிறார்கள்?

பதில்: லண்டனில் 8–6 என்று வென்றார், ஒரு டிராகூட இல்லை. ஆனால் உலகப் பட்டத்துக்கு என்று ஒப்பந்தத்திலேயே எழுதி ஆடியது 1886இல், சுகர்டோர்ட் என்ற வீரருடன். நியூயார்க்கில் முதல் ஐந்து ஆட்டம் முடிந்தபோது ஸ்டெய்னிட்ஸ் 1–4 என்று பின்தங்கியிருந்தார். செயின்ட் லூயிஸ் வழியாக நியூ ஆர்லியன்ஸில் முடிக்கும்போது 10 வெற்றி, 5 தோல்வி, 5 டிரா.

கேள்வி: தற்காப்பு ஆட்டக்காரர் என்கிறார்களே, தாக்கவே மாட்டாரா?

பதில்: காரணம் இல்லாமல் தாக்க மாட்டார், அவ்வளவுதான். எதிராளியின் பலவீனமான சிப்பாய், நமக்குத் திறந்த வரிசை (சிப்பாய்கள் மறிக்காத நேர்க்கோடு), நடுவில் மாட்டிக்கொண்ட ராஜா என்று ஏதாவது கையில் இருக்க வேண்டும். இருந்தால் தாக்கியே ஆக வேண்டும், தாமதித்தால் அந்த அனுகூலம் கரைந்துவிடும் என்பதும் அவர் சொன்னதே. இந்தப் பாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஹேஸ்டிங்ஸ் 1895 போட்டியில் பார்டெலெபென் என்ற வீரருக்கு எதிராக, வெள்ளையில் ஆடி, யானையை இ7 கட்டத்தில் பலிகொடுத்தாரே, கறுப்பு ஏன் வெட்டவில்லை?

பதில்: 22ஆவது நகர்த்தல் அது. கறுப்பு ராஜா இ8இல், கோட்டை கட்டவே இல்லை (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்த்தலில் மாற்றி ராஜாவைப் பாதுகாப்பது), அதுதான் காரணம். ராணியால் வெட்டினால், வெள்ளை சி8இல் யானைகளை மாற்றிக்கொண்டு கடைசியில் ராணியால் வெட்டும். ஒரு குதிரை மிச்சம். ராஜாவால் வெட்டினால், மற்ற யானை இ1இலிருந்து செக் வைக்கும், பிறகு ராணி பி4க்கு வரும். ராஜாவுக்கு ஒதுங்க இடமில்லை. எனவே ராஜா எஃப்8க்குப் போனது.

இங்கே பலகையில் காய்களை வைத்துப் பாருங்கள். வெள்ளையின் ராணி, இரண்டு யானை, குதிரை நான்குமே வெட்டுக்கு நிற்கின்றன. அவசரப்பட்டு டி7இல் ராணியை வெட்டினால் வெள்ளைக்குத்தான் மேட்: கறுப்பு யானை சி1இல் இறங்கிவிடும். அதனால் ஒவ்வொரு நகர்த்தலும் செக்காகவே இருக்க வேண்டும். யானை எஃப்7, ஜி7, எச்7 என்று செக் வைத்துக்கொண்டே போனது. பார்டெலெபென் எதுவும் சொல்லாமல் அரங்கை விட்டு வெளியேறிவிட்டார். மீதிப் பத்து நகர்த்தல் மேட்டை ஸ்டெய்னிட்ஸ் அங்கிருந்தவர்களுக்கு ஆடிக்காட்டினார். அப்போது அவருக்கு வயது 59!

கேள்வி: ராஜாவை ஐந்தாவது நகர்த்தலிலேயே இ2க்குக் கொண்டுவரும் ஸ்டெய்னிட்ஸ் கேம்பிட்டை (சிப்பாயைப் பலிகொடுத்து ஆடும் தொடக்கம்) மாணவர்களுக்குச் சொல்லித்தரலாமா?

பதில்: தொடக்கத்தில் வேண்டாம். நடுச்சிப்பாய்கள் இரண்டும் வலுவாக நிற்கும், குதிரை எஃப்3க்கு வரும்போது கறுப்பு ராணியையும் விரட்டும் என்பதுதான் கணக்கு. கறுப்பு உடனே சிப்பாயை டி5க்கு நகர்த்தி நடுவைத் திறந்துவிட்டால், ராஜா நிற்கும் இடத்திலேயே வரிசைகள் விரிகின்றன.

கேள்வி: கடைசிக் காலம்?

பதில்: 1894இல் ஜெர்மன் வீரர் லாஸ்கரிடம் பட்டத்தை இழந்தார். மாஸ்கோவில் நடந்த மறுபோட்டியிலும் தோல்வி: லாஸ்கருக்கு 10 வெற்றி, இவருக்கு 2. 1900 ஆகஸ்ட் 12 அன்று நியூயார்க்கில் மனநல மருத்துவமனையில், கையில் காசில்லாமல் இறந்தார். பின்னாளில் லாஸ்கர் எழுதிய பாடநூலில் ஒரு பெரும்பகுதி ஸ்டெய்னிட்ஸின் கோட்பாட்டை விளக்குவதற்கே போனது.